கழித்தல் 139.7

அன்புள்ள ரீச்சருக்கு,

உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். கணினி வேலை. எங்கள் வாசிகசாலைக்குச் சிறுவர் புத்தகங்கள் கொஞ்சம் சேர்ந்திருக்கின்றன. எதை எந்தத் தரத்துப் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று பிரிக்க ஒரு சிறிய பைத்தான் நிரல் எழுதினேன். ஃப்ளெஷ் சூத்திரம்தான்: வாக்கியத்தில் எத்தனை சொல், சொல்லில் எத்தனை அசை என்று பார்த்து மதிப்பெண் போடும்; மதிப்பெண் கூடினால் வாசிக்க எளிது. முதலில் நிரல் 'திருகோணமலை'யின் நீளம் 10 என்றது. அதைத் திருத்தி, 6 அசை என்று வரச் செய்துவிட்டேன். பரீட்சித்துப் பார்க்க, கன்னியா வெந்நீர் ஊற்று பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைக் கொடுத்தேன். வாக்கியத்துக்குச் சராசரி 8 சொல், சொல்லுக்கு 4 அசை. மதிப்பெண் கழித்தல் 139.7! ஆங்கிலத்தில் 60, 70 வந்தால் சாதாரண ஆளுக்கு விளங்குமாம். உங்கள் மூன்றாம் பந்திதான் ஆகக் கஷ்டமானது என்றும் காட்டுகிறது. பிழை என் நிரலிலா, உங்கள் தமிழிலா? கோபிக்க வேண்டாம்.

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

கோபம் இல்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை சைபர் போட்டிருக்கிறேன். சைபருக்குக் கீழே 139 எனக்கே கிடைக்கும் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தேன். 206.835இல் இருந்து 1.015 × 8ஐயும் 84.6 × 4ஐயும் கழித்தால் நீங்கள் சொன்ன எண்தான் வருகிறது. கணக்கில் பிழை இல்லை. ஆனால் அரிசி அளக்கும் கொத்தால் துணி அளந்திருக்கிறீர்கள். ருடால்ஃப் ஃப்ளெஷ் 1948இல் இதைச் செய்தது ஆங்கிலத்துக்கு. அங்கே 'இல்', 'உடன்', 'க்காக' எல்லாம் தனித்தனிக் குட்டிச் சொற்கள். நமக்கோ அவை சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்கின்றன. அந்த 84.6 ஆங்கில வாசகர்களை வைத்துக் கண்ட எண். தமிழில் அதற்கு ஒரு பொருளும் கிடையாது. (1975இல் இதே சூத்திரத்தைத் திருத்தி வகுப்பு அளவாக மாற்றியது அமெரிக்கக் கடற்படைக்காக. கடற்படைத் துறைமுகத்தில் பிறந்தவள் நான், அதற்காகவும் மதிப்பெண் கூடவில்லை.)

நமக்குச் சொல் என்பதே நிலையில்லாதது. 'செய்துகொண்டிருந்தான்' என்று சேர்த்து எழுதினால் ஒரு சொல், 6 அசை, 84.6ஆல் பெருக்கினால் 507.6. அதையே 'செய்து கொண்டு இருந்தான்' என்று பிரித்தால் மூன்று சொல், 7 அசை. சராசரியைப் பெருக்கினால் 197.4. வாசிக்கிற பிள்ளைக்கு என்ன வித்தியாசம்? அச்சகத்தில் ஒருவர் இடைவெளி தட்டியதற்கு 310 புள்ளி.

அசை பற்றியும் ஒரு வார்த்தை. யாப்பு படித்தவர்களிடம் கேட்டால் திருகோணமலைக்கு அசை நான்கு என்பார்கள்: திரு, கோ, ணம, லை. உங்கள் கணக்கு ஆறு. கணினி சொன்ன பத்து எப்படி வந்தது என்றால், கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுனிகோட் முறையில் 'தி' என்பது த ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு. நீங்கள் ஆறு என்று திருத்தியது சரி. தமிழில் இது சுலபமும்கூட: எழுத்துகளை எண்ணி, புள்ளி வைத்த மெய்களை விட்டுவிட்டால் உச்சரிக்கும் அசை கிடைத்துவிடும். 'கிண்ணியா' என்ற ஊர்ப்பெயரில் எழுத்து நான்கு, அசை மூன்று.

ஆனால் அசை குறைந்தால் எளிமையா? 'ஙப்போல் வளை.' இரண்டே சொல், நாலே அசை. உங்கள் நிரல் கைதட்டும். தரம் 4இல் ஆத்திசூடியை மனப்பாடமாகச் சொன்ன பிள்ளைகளிடம் இதன் கருத்தைக் கேட்டிருக்கிறேன். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

வாக்கிய நீளத்துக்கு வருவோம். இதைத்தான் நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும். இரண்டு வாக்கியங்கள், இரண்டிலும் சரியாகப் பதினான்கு சொற்கள்:

'விடியப் போய், வலை இழுத்து, மீனைக் கூடையில் போட்டு, சந்தைக்குக் கொண்டுபோய், விற்று, பாண் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.'

'மேற்படி விண்ணப்பதாரரால் முன்னர் சமர்ப்பிக்கப்பட்ட உறுதியில் குறிப்பிடப்பட்ட காணியின் எல்லை தொடர்பாக எழுந்த ஆட்சேபனை தீர்க்கப்படாமையினால் கோரிக்கை ஏற்றுக்கொள்ளப்படவில்லை.'

முதலாவதை ஆறு வயதுப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டலாம். இரண்டாவது மாதிரியான ஒரு கடிதத்தை அயல்வீட்டு அக்கா ஓர் அலுவலகத்தில் இருந்து வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். ஏற்றார்களா மறுத்தார்களா என்று கேட்டார். நானே இரண்டு தரம் வாசித்துத்தான் சொன்னேன். சொற்கள் நீளம் என்று உங்கள் நிரல் இதற்குக் குறைத்துத்தான் போடும், சரி. ஆனால் உண்மையான கஷ்டம் வேறு இடத்தில். முதல் வாக்கியத்தில் வினையெச்சங்கள், நடந்த வரிசையிலேயே வருகின்றன. ஒன்றை முடித்துவிட்டு மனம் அடுத்ததற்குப் போகலாம். இரண்டாவதில் பெயரெச்சங்கள், பெட்டிக்குள் பெட்டி. சமர்ப்பிக்கப்பட்டது எது, குறிப்பிடப்பட்டது எது, எழுந்தது எது என்று எல்லாவற்றையும் கையில் பிடித்துக்கொண்டு கடைசிச் சொல் வரை போனால்தான் 'இல்லை' என்பதே தெரியும். அப்புறம் அந்த 'உறுதி' இருக்கிறதே, மூன்றே எழுத்து. காணி உள்ளவருக்கு அது பத்திரம், பள்ளிப் பிள்ளைக்கு மனவுறுதி. ஆகவே நிரலில் வாக்கிய நீளத்தோடு, ஒரு வாக்கியத்தில் எத்தனை பெயரெச்சம் என்றும் எண்ணப் பாருங்கள். சுலபமில்லை, 'வந்த', 'போன', 'எழுதிய' எல்லாவற்றையும் விகுதியை வைத்துப் பிடிக்க வேண்டும். ஓரளவு பிடித்தாலே போதும்.

சொற்பட்டியல் வைக்கலாம். 1948இலேயே எட்கர் டேலும் ஜீன் சாலும், பிள்ளைகளுக்குத் தெரிந்த 3000 சொற்களின் பட்டியலை வைத்து, அதில் இல்லாத சொற்களை எண்ணினார்கள். ஆனால் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் இருந்து பட்டியல் எடுத்துவிடாதீர்கள். களப்பு, கதிரை, பாண் எல்லாம் அரிய சொற்கள் ஆகிவிடும். நம் அரச அலுவலகமான கச்சேரியைப் பாட்டுக் கச்சேரி என்று நினைத்துக்கொள்ளும்.

84.6 மாதிரியான பெருக்கும் எண்களைத் தமிழுக்கு எங்கே எடுப்பது என்றுதானே கேட்பீர்கள்? பிள்ளைகளிடம்தான். 1953இல் வில்சன் டெய்லர் சொன்ன வழி ஒன்று உண்டு. ஒரு பந்தியில் ஐந்து சொல்லுக்கு ஒன்றை அழித்துவிட்டு நிரப்பச் சொல்வது. நம் 'இடைவெளி நிரப்புக' போலத்தான். ஆனால் எதை அழிப்பது என்று ஆசிரியர் தெரிவு செய்யக்கூடாது, எண்ணிக்கொண்டே போக வேண்டும். டெய்லர் அதே சொல் வந்தால்தான் சரி என்றார். நான் என்றால், அடிச்சொல் சரியாகி விகுதி மாறினால் பாதி போடுவேன். உங்கள் வாசிகசாலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரே பந்திகளைக் கொடுங்கள். யார் எவ்வளவு நிரப்பினார்கள் என்பதை வைத்து உங்கள் எண்களைப் பொருத்துங்கள். சனிக்கிழமை என்றால் நானும் வருகிறேன்.

மூன்றாம் பந்தி விஷயம். எடுத்துப் பார்த்தேன். ஏழு கிணறுகளையும் ஒரே வாக்கியத்துக்குள் அடைத்து, ஐந்து பெயரெச்சம் போட்டிருக்கிறேன். அது என் பிழைதான். நேற்று இரவு நாலு வாக்கியமாக உடைத்துவிட்டேன். மறுபடி ஒருக்கால் ஓட்டிப் பாருங்கள்.

அன்புடன்,
ரீச்சர்