ஹவுஸ் போட் எடுக்காமல் ஆலப்புழை போனால் வீணா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இவ்வளவுதான்: வயதான அப்பா அம்மாவுடன் 2 நாள் ஆலப்புழை போகிறார். காயல், கோவில், சர்ச் மூன்றும் பார்க்க வேண்டும். ஹவுஸ் போட் வாடகை கட்டுப்படியாகவில்லை. அது இல்லாமல் போனால் வீண் என்று சுற்றி இருப்பவர்கள் சொல்கிறார்கள்.

வீண் இல்லை. இதே வார்த்தையை என் வீட்டிலேயே கேட்டு, அது இன்னும் மனதில் கிடப்பதால்தான் எழுத உட்கார்ந்தேன். உங்கள் அப்பாவுக்கும் முழங்கால் வலி இருக்கும், அம்மாவுக்கும் எங்கேயாவது ஒரு நேர்ச்சை பாக்கி இருக்கும் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன்.

எங்களுக்கு நாகர்கோவில் பக்கம். அப்பா 31 வருடம் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். 2024 பிப்ரவரி முதல் வாரம் அவரையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அப்போது அப்பாவுக்கு வயது 71. வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் போனில், "ஹவுஸ் போட் புக் பண்ணு, பணம் அனுப்புறேன்" என்றான். அப்பாதான் வேண்டாம் என்றார். "ஒரு ராத்திரி தண்ணியில கெடக்க இத்தன ஆயிரமா மக்கா?" என்று கேட்டவர், அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

நாங்கள் போனபோது ஆலப்புழையில் கேரள அரசின் கேஎஸ்ஆர்டிசி பஸ் ஸ்டாண்டை ஒட்டியே அரசு நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகு ஜெட்டி இருந்தது. நாங்கள் பெட்டியுடன் போய் நின்றதும் ஒருவர் வந்து, "இன்னைக்கு சர்க்கார் போட் கெடயாது" என்று தமிழிலேயே சொன்னார். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் பின்னால் ஒரு படகு வந்து ஆட்களை இறக்கியது. உங்களிடமும் யாராவது இப்படிச் சொல்வார்கள். நேராக உள்ளே போய் நேரப் பலகையைப் பார்த்துவிட்டுக் கவுண்டரில் கேளுங்கள். டிக்கெட் சில பத்து ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

நாங்கள் ஏறியது நெடுமுடி போகும் பழைய படகு. பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன் பாத்திரத்துடன் ஒரு அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும் ஒரு பெரியவர், இப்படித்தான் கூட்டம். இந்தப் படகுகளில் 5 பேர் வேலை பார்க்கிறார்கள். டிக்கெட் கொடுக்கும் போட் மாஸ்டர், சக்கரம் பிடிக்கும் சிராங்கு, எஞ்சினைப் பார்க்கும் டிரைவர், கயிறு கட்டும் லாஸ்கர் 2 பேர். சிராங்கு முன்னால் நிற்கிறார். டிரைவரோ படகின் நடுவில் ஒரு பள்ளத்தில் எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு முன்னால் என்ன வருகிறதென்று தெரியாது. சிராங்கின் கைக்கு மேலே ஒரு கயிறு தொங்குகிறது. அதை இழுத்தால் டிரைவரின் தலைக்கு மேலே மணி அடிக்கும். வேகம் கூட்டுவது, குறைப்பது, பின்னால் எடுப்பது எல்லாமே அந்த மணிக் கணக்கில்தான்.

அப்பா அதைக் கண்டுகொண்டார். இருக்கையை விட்டு எழுந்து போய் எஞ்சின் பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது ஜெட்டி வருவதற்குள் எத்தனை மணிக்கு என்ன அர்த்தம் என்று பிடித்துவிட்டார். அடுத்த முறை மணி அடித்தபோது டிரைவர் கையை அசைப்பதற்கு முன்பே அப்பாவின் வலது கால் தரையில் அழுந்தியது. ஓய்வு பெற்று 13 வருடம் ஆன கால் அது. எண்ணெய்க் கறை படிந்த லுங்கி கட்டியிருந்த அந்த டிரைவரும் அதைப் பார்த்துவிட்டார். "எந்தா, வண்டிக்காரனாணோ?" என்று கேட்டு, பக்கத்தில் தள்ளி இடம் கொடுத்தார்.

வழியில் ஒரு திருப்பத்தில் படகு நின்றுவிட்டது. ஆகாயத்தாமரை. வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே இருக்கும் தண்ணீர்முக்கம் தடுப்பணையை டிசம்பர் வாக்கில் அடைத்துவிடுவார்கள். கடலின் உப்புத் தண்ணீர் ஏறி வயலைக் கெடுக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. ஆனால் உப்பு ஏறினால்தான் ஆகாயத்தாமரை சாகும். அடைத்திருக்கும் மாதங்களில் அது கால்வாய் முழுக்கப் பச்சைப் பாய் விரித்த மாதிரி பரவிவிடும். லாஸ்கர் கழியால் தள்ள, சிராங்கு மணி அடிக்க, படகு முன்னும் பின்னுமாகப் போய்க் கடைசியில் விடுபட்டது. 10 நிமிடம் ஆகியிருக்கும். யாரும் முணுமுணுக்கவில்லை.

அந்த 10 நிமிடத்தில்தான் அம்மா கரைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "வயல் கீழ கெடக்கு!" என்றாள். உண்மைதான். நாம் மிதக்கும் தண்ணீர் மேலே இருக்கிறது, நெல் நிற்கும் தரை கீழே இருக்கிறது. நடுவில் ஒரு மண் வரப்பு, அதன் மேல் வீடுகள், தென்னை. வயலில் ஊறும் தண்ணீரைப் பெட்டியும் பறையும் என்று சொல்லும் மரப்பெட்டி பம்பு வைத்து இறைத்து மேலே கால்வாயில் விடுகிறார்கள். கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளையும் இந்தக் குட்டநாட்டு முறையை ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2013இல் உலகப் பாரம்பரிய வேளாண் முறைகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. எங்கள் அம்மா கன்னிப்பூ, கும்பப்பூ என்று எங்கள் பக்கத்து நெல் போகம் இரண்டும் நட்டு வளர்ந்தவள். தண்ணீரைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு நாற்று நட எப்படி மனசு வரும் என்று அன்று ராத்திரி வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஹவுஸ் போட்டுக்கு எதிராக எழுதுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அதில் எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பு இருக்கிறது. அந்தக் காலத்தில் நெல் ஏற்றிய கெட்டுவள்ளம்தான் அது. ஆஞ்சிலி மரப் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்யும் அந்த வேலைப்பாட்டைப் பார்க்கவே போகலாம். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் தாராளமாக எடுங்கள். ஆனால் மாலை ஐந்தரை வாக்கில் அதைக் கரையில் கட்டிவிடுவார்கள், மீனவர்கள் வலை விரிக்கும் நேரம் அது. கோவில் வாசலுக்கோ சர்ச் வாசலுக்கோ அது உங்களைக் கொண்டுபோய் விடாது. உங்கள் கேள்வி அதைப் பற்றியது என்பதால் சொல்கிறேன்.

நெடுமுடியில் இறங்கி ஆட்டோ பிடித்துச் சம்பக்குளம் போனோம். பம்பை ஆற்றின் கரையில் கல்லூர்க்காடு மரியன்னை ஆலயம். கி.பி. 427இல் தொடங்கியது என்பது அவர்கள் மரபு. அங்கே கப்யார் ஒருவர், சர்ச் வேலைகளைக் கவனிக்கிறவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், கூரை ஓவியங்களைக் காட்டிவிட்டு ஒரு கதை சொன்னார். அம்பலப்புழை கிருஷ்ணன் கோவிலுக்காகக் குறிச்சி என்ற ஊரின் கோவிலில் இருந்து சிலையைப் படகில் கொண்டுவந்தார்களாம். ராத்திரியாகிவிட, சம்பக்குளத்தில் மாப்பிள்ளச்சேரி என்ற கிறிஸ்தவக் குடும்பத்தின் வீட்டில் சிலையை வைத்துக் காத்தார்களாம். மறுநாள் அந்தப் பகுதியை ஆண்ட செம்பகச்சேரி ராஜா வந்து, ஊரே படகு சூழ அம்பலப்புழைக்குக் கொண்டுபோனது. மலையாள மிதுன மாதம் மூல நட்சத்திரத்தன்று நடக்கும் சம்பக்குளம் வள்ளங்களி, அதாவது படகுப் போட்டி, அதன் நினைவுதான். இன்றைக்கும் அந்த நாளில் அம்பலப்புழைக் கோவில்காரர்கள் அந்த வீட்டுக்கும் சர்ச்சுக்கும் வருகிறார்கள். நேரு கோப்பையை டிவியில் பார்த்திருப்பீர்கள், அது 1952இல் நேரு வந்ததை ஒட்டித் தொடங்கியது. இது அதற்கெல்லாம் மிகவும் முந்தியது.

மறுநாள் அம்பலப்புழை. அப்பா வாசலிலேயே சட்டையைக் கழற்றி மடக்கிக் கையில் வைத்துக்கொண்டார். எங்கள் சுசீந்திரத்திலும் அப்படித்தான். 1956 நவம்பர் 1 வரை நாங்களும் திருவிதாங்கூர்க் கணக்கில் இருந்தவர்கள்தானே. வேட்டி இல்லாமல் பேண்டில் போகாதீர்கள், முதல் நாளே சொல்லி வையுங்கள். பால் பாயசத்துக்குக் காலையிலேயே சீட்டு வாங்கிவிட வேண்டும், தாமதித்தால் கிடைக்காது. பால், தண்ணீர், அரிசி, சர்க்கரை, அவ்வளவுதான் சரக்கு. மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சுவதால் லேசான ரோஜா நிறம் வந்துவிடுகிறது. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு ஏலக்காயைத் தேடினாள். இல்லவே இல்லை. பாட்டும் ஆட்டமுமாகக் கதை சொல்லும் துள்ளல் கலையைத் தந்த குஞ்சன் நம்பியார் இந்தக் கோவிலில் இருந்தவர். அவருடையது என்று சொல்லும் மிழாவு என்ற பெரிய மேளத்தையும் அங்கே பார்க்கலாம்.

அங்கிருந்து திருவல்லா போகும் பஸ் ஏறினால் கருமாடி, தகழி, எடத்துவா எல்லாம் ஒரே சாலையில் வரிசையாக வரும். கருமாடியில் பாதி உடம்பு போன கருங்கல் புத்தர் இருக்கிறார், கருமாடிக்குட்டன் என்று ஊரார் செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். தகழி சாஸ்தா கோவிலில் வாத நோய்க்கு எண்ணெய் தருவார்கள்.

நாங்கள் எடத்துவாவுக்குத்தான் முக்கியமாகப் போனோம். எங்கள் எதிர்வீட்டு அக்கா கடற்கரைக்காரி. வருடா வருடம் ஏப்ரல் 27 கொடியேற்றத்துக்கோ மே 7 திருவிழாவுக்கோ எடத்துவா ஜார்ஜியார் கோவிலுக்குப் போய்விடுவாள். 1810இல் தொடங்கிய அந்த ஆலயத்துக்குக் கன்னியாகுமரி, நெல்லை, தூத்துக்குடிக் கடற்கரையில் இருந்து அத்தனை கூட்டம் போகிறது. அவளுக்கு ஆபரேஷன் ஆகி, முந்தின வருடம் போக முடியவில்லை. ஒரு மஞ்சள் துணியில் 101 ரூபாயும் ஒரு மெழுகுவர்த்தியும் முடிந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டிருந்தாள். அம்மா 2 நாளும் அந்த முடிச்சை இடுப்பில் இருந்து எடுக்கவில்லை. மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்தபோது திரி வளைந்துபோய் அணைந்தது. மறுபடி கொளுத்தினாள். மூன்று முறை. நின்று எரியத் தொடங்கிய பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தாள். மதத்தைக் கலக்குகிறாள் என்று என்னைச் சொல்பவர்கள் சொல்லட்டும். கிறிஸ்தவளான அந்த அக்காவைக் கூட்டிப் போயிருந்தால் அம்பலப்புழையில் அவள் வெளியே நிற்க வேண்டியிருந்திருக்கும். அது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஊர் திரும்பியதும் அண்ணன் போன். படங்களைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போய் சர்க்கார் போட்லயா ஏத்தின?" என்றான். அந்தப் படகில் அப்பாவின் முகத்தைப் பார்த்தவள் நான். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, தெரிந்தே எழுதுகிறேன். பெற்றோருடன் இருந்து மாத்திரை, கண் சொட்டு மருந்து, ஸ்கேன் என்று ஓடுகிறவர்கள் செய்வதெல்லாம் தூரத்தில் இருக்கிறவர்களுக்குக் குறையாகவே தெரிகிறது. பணம் அனுப்புகிறவன் சொல்வதுதான் வீட்டில் நிற்கிறது. நான் பதில் சொல்லவில்லை. அப்பாதான் போனை வாங்கி, அந்த மணியைப் பற்றி அவனிடம் அரை மணி நேரம் பேசினார். அவன் கேட்டானா என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, உங்கள் 2 நாளுக்கு வருகிறேன். முதல் நாள் படகு, நெடுமுடி, சம்பக்குளம். இரண்டாம் நாள் அம்பலப்புழை தொடங்கி எடத்துவா வரை. மண்ணாறசாலை நாகராஜா கோவிலையும் வடக்கே இருக்கும் அர்த்துங்கல் சர்ச்சையும் இதில் திணிக்காதீர்கள். அர்த்துங்கலில் சபரிமலை போய்த் திரும்பும் பக்தர்கள் மாலை கழற்றுவார்கள், என் சித்தி மகன்கூட அங்கேதான் கழற்றுவான். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். ஏறும்போது படகுக்கும் ஜெட்டிக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி இருக்கும். லாஸ்கர் கை கொடுப்பார், அப்பாவைக் கூச்சப்படாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே போட் மாஸ்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.