அப்பாவுக்கு ஒரு கேபிள் ஸ்வெட்டர் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நிட்டிங் பற்றி நீங்கள் எழுதிய குறிப்புகளைப் படித்துத்தான் ஊசியைக் கையில் எடுத்தேன். இதுவரை மஃப்ளர்களும் குழந்தைத் தொப்பிகளும் பின்னியிருக்கிறேன். அப்பாவுக்கு எழுபதாவது பிறந்தநாள் வருகிறது. சடை சடையாகக் கேபிள் ஓடும் புல்ஓவர் ஒன்றை அவருக்குத் தெரியாமல் பின்னி, அன்றைக்குக் கையில் கொடுக்க வேண்டும் என்று ஆசை. அளவு எனக்கு மனப்பாடம், எப்போதும் 42தான். அவருக்குப் பிடித்த கருநீலத்தில், இருப்பதிலேயே மென்மையான நூலாகப் பார்த்து வைத்திருக்கிறேன். பயமெல்லாம் கேபிளைப் பற்றித்தான். டிசைனைக் கட்டம் கட்டமாகக் காட்டும் சார்ட்டைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. என்னால் முடியுமா? மாதிரித் துண்டு கட்டாயம் பின்ன வேண்டுமா? இன்னொன்று, மீனவக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் தனிக் கேபிள் இருந்ததாமே, கடலில் இறந்தவரை அதை வைத்துத்தான் அடையாளம் கண்டார்களாமே? அதுபோல எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு டிசைன் வைக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெதற்கோ பயப்படுகிறீர்கள். கேபிள் வந்துவிடும். எனக்குக் கவலை அந்த 42ஐப் பற்றித்தான்.

கேபிளை முதலில் முடித்துவிடுவோம். ஊசியில் நிற்கும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி. ஆறு கண்ணிக் கேபிள் என்றால், முதல் மூன்று கண்ணிகளைப் பின்னாமல் ஒரு சின்னத் துணை ஊசிக்கு மாற்றி முன்பக்கம் விட்டுவிட வேண்டும். அடுத்த மூன்றைப் பின்னிவிட்டு, காத்திருக்கும் மூன்றுக்குத் திரும்பி வந்து அவற்றைப் பின்ன வேண்டும். அவ்வளவுதான் வித்தை. துணை ஊசி முன்னால் இருந்தால் சடை இடப்பக்கம் சாயும், பின்னால் இருந்தால் வலப்பக்கம். சாதாரணமாக ஆறு அல்லது எட்டு வரிசைக்கு ஒருமுறைதான் இந்த வேலை. நடு வரிசைகளில் நிட் (நேர்க் கண்ணி) மேல் நிட், பர்ல் (அதன் மறுபக்கம் தெரியும் கண்ணி) மேல் பர்ல். மஃப்ளரில் நிட்டும் பர்லும் மாறி மாறி வரும் ரிப் போட்டவருக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. சடைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பர்ல் கண்ணிகளாவது விடுங்கள், அந்தப் பள்ளம் இருந்தால்தான் சடை எழுந்து நிற்கும். சார்ட்டில், பின்னிக்கொண்டிருக்கும் வரிசைக்கு மேலே உள்ளதை ஒரு தாளால் மறைத்துவிடுங்கள். முடித்த வரிசைகள் கீழே தெரிந்தால், கையில் இருக்கும் துணியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே போகலாம்.

ஒரு முறுக்கு தப்பான பக்கம் போய்விட்டதைப் பல வரிசை தாண்டித்தான் கவனித்தீர்கள் என்றாலும் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டாம். அந்த ஆறு கண்ணிகளை மட்டும் ஊசியிலிருந்து நழுவவிட்டு, தவறிய வரிசை வரைக்கும் அவிழ்த்து, சரியான பக்கம் முறுக்கி, அங்கேயே தொங்கும் நூலை வைத்து வரிசை வரிசையாக மேலே பின்னி வந்துவிடலாம். கொஞ்சம் பொறுமை வேண்டும், நல்ல வெளிச்சமும் வேண்டும்.

இப்போது 42. அது எந்த வருடத்து 42? மகள்கள் மனதில் இருக்கும் அப்பா பெரும்பாலும் பத்துப் பதினைந்து வயது இளையவர். எழுபதில் சிலருக்கு உடம்பு வற்றியிருக்கும், சிலருக்கு வயிறு முன்னே வந்திருக்கும், தோள் இறங்கி முதுகு லேசாக வளைந்திருக்கும். முதுகு வளைந்தவருக்கு முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நீளமாக வைத்தால் பின்பக்கம் மேலே ஏறிக்கொள்ளும். அளவு எடுக்காமல் இதெல்லாம் தெரியாது.

அதைவிட முக்கியமான ஒன்றைக் கேட்க வேண்டும். அவரால் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் சிரமமில்லாமல் தூக்க முடிகிறதா? தோள்வலி உள்ளவருக்குப் புல்ஓவரை மாட்டுவதும் கழற்றுவதும் தண்டனை. கனமான கேபிள் ஸ்வெட்டர் என்றால் கேட்கவே வேண்டாம். உங்கள் மனம் நோகக்கூடாது என்று உங்கள் முன்னால் ஒருமுறை போடுவார், பிறகு அது அலமாரிக்குப் போய்விடும். கை தூக்கக் கஷ்டப்படுகிறார் என்றால், அதே கேபிள்களோடு முன்பக்கம் திறந்து பட்டன் வைத்த கார்டிகனாகப் பின்னுங்கள். புல்ஓவர்தான் என்றால், கழுத்தை முடிக்கும்போது கண்ணிகளைத் தளர்வாக மூடுங்கள். பெரியவர்களின் தலைச்சுற்றளவு 55 முதல் 60 செ.மீ. வரை இருக்கும், கழுத்துப் பட்டி அவ்வளவுக்கு விரிய வேண்டும்.

அதனால் ரகசியத்தை விட்டுவிடுங்கள் என்பேன். அவரிடமே சொல்லி அளவு எடுங்கள். "எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்" என்பார், சொல்லட்டும். ரகசியமாகத்தான் செய்வேன் என்று பிடிவாதமாக இருந்தால், அவராகவே தேடி எடுத்துப் போடும் ஸ்வெட்டர் எதுவோ அதைத் தரையில் விரித்து, மார்பகலம், உயரம், கை நீளம் மூன்றையும் அளந்துகொள்ளுங்கள். நேராக உடம்பில் அளந்தால், உள்ளே சட்டை போடுபவருக்கு மார்புச் சுற்றளவோடு 10 செ.மீ. சேர்க்கலாம். கேபிள் துணி தடிமனானது, அந்தத் தடிமனே உள்ளே கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். (டிசைன் படங்களில் நிற்பவர்கள் எப்போதும் கையைக் கட்டிக்கொண்டோ பாக்கெட்டில் விட்டுக்கொண்டோதான் நிற்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? அக்குளில் துணி எப்படிக் கசங்குகிறது என்று தெரியவே தெரியாது.)

மாதிரித் துண்டு கட்டாயம் வேண்டும். அதையும் கேபிளில்தான் பின்ன வேண்டும், வெறும் நிட்டில் பின்னிப் பிரயோஜனம் இல்லை. கண்ணிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதால் கேபிள் துணியை அகலவாக்கில் இறுக்கிவிடும். ஒரு கணக்குப் பாருங்கள். 10 செ.மீ.க்கு 20 கண்ணி என்று டிசைன் சொல்கிறது, சுற்றளவுக்கு 200 கண்ணி, ஆக 100 செ.மீ. உங்கள் கை கொஞ்சம் இறுக்கம், 10 செ.மீ.க்கு 22 கண்ணி வருகிறது என்று வையுங்கள். அதே 200 கண்ணியில் 91 செ.மீ.தான் கிடைக்கும். இரண்டே கண்ணி வித்தியாசத்தில் 9 செ.மீ. போய்விட்டது. 15 செ.மீ. சதுரமாவது பின்னி, ஸ்வெட்டரை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு நடுப்பகுதியில் அளங்கள். அப்புறம் அதன் அடியில் சில கிளிப்புகளை மாட்டி ஒரு நாள் தொங்கவிடுங்கள். கேபிள் ஸ்வெட்டர் தன் எடையாலேயே கீழே இறங்கும், எவ்வளவு இறங்கும் என்று இதில் ஓரளவு தெரிந்துவிடும்.

நூல் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. இருப்பதிலேயே மென்மையான நூல் பெரும்பாலும் ஒற்றை இழையாக, முறுக்குக் குறைவாக இருக்கும். சட்டைக் காலரும் முழங்கையும் உரசும் இடத்தில் சீக்கிரமே உருண்டை உருண்டையாகத் திரண்டுவிடும். மூன்று இழைக்குக் குறையாமல் நன்றாக முறுக்கிய, உருண்டையான கம்பளி நூல்தான் கேபிளுக்கு அழகு. பருத்தி வேண்டாம், அதில் துள்ளல் கிடையாது, கண்ணிகளைத் தாண்ட வைக்கும்போது விரல் வலிக்கும். கருநீலத்தில் இவ்வளவு வேலையும் பாதி மறைந்துபோகும், ஏனென்றால் கேபிளைக் காட்டுவதே அதன் நிழல்தான். நீலம்தான் வேண்டும் என்றால் இரண்டு மூன்று சாயல் வெளிறிய நீலமாக எடுங்கள்.

அவர் துணிகளைத் துவைப்பது யார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரணக் கம்பளியை மெஷினில் வெந்நீரில் போட்டுச் சுழற்றினால், இழையின் மேலுள்ள செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணி சுருங்கி அட்டையாகிவிடும். மெஷின்தான் என்றால், இப்படிச் சுருங்காதபடி பதப்படுத்திய சூப்பர்வாஷ் கம்பளி வாங்குங்கள். அது ஈரத்தில் நன்றாகவே நீளும், அதற்கும் மாதிரித் துண்டுதான் வழி. கேபிள் நூலை நிறையத் தின்னும், அதனால் எடையைப் பார்க்காமல் மீட்டர் கணக்கில் வாங்குங்கள். ஒரே சாய லாட் எண்ணில் (ஒரே தடவையில் சாயம் போட்ட நூலாக), ஓரிரு பந்து கூடுதலாக.

மீனவர் கதை அழகானது, ஆனால் ஆதாரம் இல்லை. அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் அரன் தீவுகளைப் பற்றித்தான் அப்படிச் சொல்கிறார்கள். அங்கே இந்தக் கேபிள் ஸ்வெட்டர் உருவானதே 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான். 1904இல் மேடையேறிய ஓர் ஐரிஷ் நாடகத்தில், கடலில் மாண்டவனை அவன் காலுறையை வைத்துத் தங்கை அடையாளம் காண்கிறாள். கதைக்கு விதை அதுவாக இருக்கலாம். அதில் குடும்பக் கேபிளும் கிடையாது, ஸ்வெட்டரும் கிடையாது. தன் கையால் பின்னிய காலுறை, எத்தனை கண்ணி போட்டோம், எத்தனையை விட்டோம் என்று அவளுக்குத் தெரியும், அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறாள். உங்கள் குடும்ப டிசைனைத் தாராளமாக வையுங்கள். ஆனால் முதல் ஸ்வெட்டரில் ஒரு பெரிய சடை நடுவிலும் இரண்டு சின்னச் சடைகள் பக்கத்திலும் போதும். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணிக்கை வரிசையில் முறுக்கு வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள், எண்ணுவது பாதியாகக் குறையும்.

பிறந்தநாள் என்றைக்கு என்று எழுதவில்லை. பக்கத்தில் இருந்தால் அவசரப்பட வேண்டாம். முன்பக்கமும் பின்பக்கமும் முடிந்திருந்தால் தோளை மட்டும் இணைத்து எடுத்துக்கொண்டு போங்கள். அதை அவர் மேல் போட்டுப் பார்த்து, தோள் விளிம்பிலிருந்து மணிக்கட்டு வரை அன்றைக்கே அளந்துகொண்டால் கை நீளத்துக்கு அதைவிட நல்ல அளவு கிடைக்காது.