38 கிலோ ரேடியோவும் கைப்பிடி ரேடியோவும்

கேள்வி: தூரத்துச் சிற்றலை நிலையங்களைக் கேட்க ஆசை. டெக்சன் பிஎல்-330 என்ற கைப்பிடி ரேடியோ போதுமா, பழைய ராணுவ ரிசீவர் தேடலாமா? – வாசகர், திருமங்கலம்

பதில்: தம்பி, ஆர்-390ஏ மாதிரி அமெரிக்க ராணுவ செட் சுமார் 38 கிலோ, உள்ளே 26 வால்வு. தூக்கி வைக்கவே இரண்டு ஆள் வேண்டும்! அதன் பலம், வேண்டாத அலைகளை வடிகட்டும் ஃபில்டரில். பக்கத்து நிலையம் எவ்வளவு கத்தினாலும் உங்கள் நிலையம் தனியாக நிற்கும். பெரிய ஆண்டெனா மாட்டினாலும் திணறாது. சின்ன செட்டில் மிக நீளமான கம்பியை ஆண்டெனாவாகக் கட்டினால் வலுவான நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். பழைய மலிவு செட்டுகளில் ஒரே நிலையம் 910 கிலோஹெர்ட்ஸ் கீழே மறுபடியும் வரும். அது வேறு நிலையமே இல்லை, செட்டுக்குள் உண்டாகும் போலி, அதாவது பிம்பம்.

ஆனால் சிம்மக்கல்லில் என் வீட்டில் எந்த செட்டும் ஒன்றுதான். எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், செல்போன் சார்ஜர் எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சல். வீட்டில் இரைந்த என் கைப்பிடி ரேடியோவையே ஒருநாள் இருட்டியதும் அழகர்கோவில் அடிவாரத்துக்குக் கொண்டுபோனேன். 31 மீட்டர் சிற்றலை வரிசையில் நிலையங்கள் வரிசை கட்டின. கூட வந்த பேரன்தான், "தாத்தா, ரேடியோவை மாத்திட்டீங்களா?" என்றான்.

அதனால் பிஎல்-330 வாங்குங்கள். எஸ்எஸ்பி என்ற ஒலிபரப்பு முறையைக் கேட்கும் வசதி இருப்பதால், 7 மெகாஹெர்ட்ஸில் ஹாம்கள் (பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்பவர்கள்) பேசுவதும் புரியும். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் கேளுங்கள். மொட்டை மாடியில் பத்து மீட்டர் கம்பி போதும்; இடி இடித்தால் உடனே கம்பியை செட்டிலிருந்து பிடுங்கிவிடுங்கள்.