ஸ்லீப் ஆப்னியாவுக்கு எந்த மெஷின் வாங்கலாம்?

கேள்வி: என் கணவருக்கு ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைபடும் பிரச்சினை) என்று தூக்கப் பரிசோதனையில் தெரிந்தது. மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சி-பாப் மெஷினை வாங்கச் சொல்கிறார்கள். சாதாரணமா, ஆட்டோவா? ஒரே குழப்பம்.

பதில்: முதலில் டாக்டரின் சீட்டைப் பாருங்கள், எந்த வகை, எவ்வளவு அழுத்தம் என்று அதில் இருக்க வேண்டும். சாதாரண சி-பாப் இரவு முழுக்க ஒரே அழுத்தத்தில் காற்றைத் தள்ளும். ஆட்டோ வகையோ பெரும்பாலும் 4 முதல் 20 செ.மீ. நீர் அழுத்தத்துக்குள் (இந்த மெஷின்களில் காற்றழுத்தத்தை அளக்கும் அலகு இது), மல்லாந்து படுத்து மூச்சு அடைபட்டால் கூட்டி, ஒருக்களித்தால் குறைத்து, தானே மாற்றிக்கொள்ளும். நிறைய பேருக்கு இது ஒத்துப்போகும். ஆனால் இதயச் செயலிழப்போ நாள்பட்ட நுரையீரல் நோயோ இருந்தால் நீங்களாக முடிவெடுக்கவே கூடாது.

என்னைக் கேட்டால் மெஷினைவிட மாஸ்க்தான் முக்கியம், அது சரியில்லாமல் சிகிச்சையையே பாதியில் விட்டவர்கள் ஏராளம். உட்கார்ந்தபடி மாட்டிப் பார்த்தால் போதாது. படுத்து, மெஷினை ஓடவிட்டு, புரண்டு பார்க்கச் சொல்லுங்கள். மூக்குத்தண்டு ஓரமாகக் காற்று கசிந்து கண்ணில் அடித்தால் அளவோ மாடலோ சரியில்லை. வாய் திறந்து தூங்குபவர் என்றால் வாயையும் மூடும் மாஸ்க் நல்லது. தொண்டை வறண்டால் காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபயர் தேவைப்படும், அதில் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். அப்புறம், மாஸ்க் ஒத்துவராவிட்டால் மாற்றித் தருவார்களா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.