எட்டுப் பேர் சொன்னால் எட்டு சாட்சியா?

கேள்வி: 1976-ல் மில் தொழிற்சங்கத்தில் இருந்த நாங்கள் நான்கு பேர் ஒரே ராத்திரியில் மிசாவில் கைதானோம். எங்களோடு எப்போதும் இருந்த ஐந்தாவது ஆள் மட்டும் தப்பித்தார். அவர்தான் சி.ஐ.டி.க்குத் தகவல் கொடுத்தவர் என்று பேச்சு. ஆறு மாதமாகப் பழைய ஆட்களைத் தேடிப்போய் விசாரித்து நோட்டில் எழுதிவருகிறேன். பதினொரு பேரில் எட்டுப் பேர் ‘ஆமாம்’ என்கிறார்கள். மார்ச்சில் எல்லோரும் கூடுகிறோம். சபையில் வைத்து அவரிடம் கேட்டுவிடட்டுமா? நோட்டின் ஜெராக்ஸை இணைத்திருக்கிறேன்.
— பெயர் வேண்டாம், மதுரை (வயது 74)

பதில்: வேண்டாம் ஐயா. நோட்டை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

உங்கள் எட்டுப் பேரில் ஐந்து பேர் ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார்கள்: “அன்னைக்கு மட்டும் ஊருக்குப் போயிட்டான்.” அந்த ‘மட்டும்’ கூட மாறவில்லை. ஐம்பது வருஷத்துக்கு முந்திய ராத்திரியை ஐந்து பேர் அவரவராக நினைவில் வைத்திருந்தால் ஐந்து விதமாகத்தான் வரும். ஒருவர் மழையைச் சொல்வார், இன்னொருவர் சைக்கிளைச் சொல்வார். இங்கே ஐந்து பேரும் யாரோ ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறார்கள். உங்கள் கணக்கில் அது ஒரு சாட்சிதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் உங்கள் முதல் கேள்வி, “அவன்தானே காட்டிக்கொடுத்தான், உனக்கு என்ன தோணுது?” வீடு தேடி வந்த பழைய தோழரிடம் யார் இல்லை என்பார்கள்?

பிரிட்டிஷ் உளவுத்துறையில் இருந்துகொண்டே சோவியத்துக்கு வேலை பார்த்த கிம் ஃபில்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 1951-லிருந்தே அவர்மேல் சந்தேகம். ஆனாலும் 1955-ல் வெளியுறவு அமைச்சர் மேக்மில்லன் நாடாளுமன்றத்தில் அவருக்கு எதிராக ஆதாரம் இல்லை என்று சொன்னார். 1962-ல் இஸ்ரேலின் ரெஹோவோட்டில் ஃப்ளோரா சாலமன் என்ற பழைய தோழி, முன்பு எம்.ஐ.5 என்ற பிரிட்டிஷ் உள்நாட்டு உளவுத்துறையில் இருந்த விக்டர் ராத்ஸ்சைல்டிடம் வாய் திறந்தார். ஃபில்பி பத்திரிகையில் இஸ்ரேலுக்கு எதிராக எழுதுகிறாரே என்ற ஆத்திரம்தான் அவரைப் பேச வைத்தது. ஆத்திரத்தில் சொன்னாலும் பொய் சொல்லவில்லை. ‘எனக்கு அப்போதே சந்தேகம்’ என்று அவர் நிறுத்தவில்லை என்பதுதான் விஷயம். முப்பதுகளில் ஃபில்பி தன்னிடமே வந்து, ஆபத்தான ரகசிய வேலை பார்க்கிறேன், நீயும் சேர்ந்துகொள் என்று கேட்டதைச் சொன்னார். அது அவர் காதால் கேட்டது. 1963 ஜனவரியில், ஃபில்பியோடு உளவுத்துறையில் வேலை பார்த்த நிக்கோலஸ் எலியட் பெய்ரூட் போய் ஃபில்பியை உட்காரவைத்துக் கேட்டார். எலியட்டும் பழைய நண்பர்தான். பாதி ஒப்புக்கொண்ட ஃபில்பி, அதே மாதம் மாஸ்கோவுக்குக் கம்பி நீட்டிவிட்டார்.

உங்கள் எட்டுப் பக்கத்தில் ‘என்னிடம் அவன் இப்படிக் கேட்டான்’ என்று ஒரு வரி உண்டா? நான் தேடியதில் இல்லை.

நினைவு நிஜமாக இருந்தும் முடிவு தப்பாவதும் உண்டு. கனடாவின் வெளியுறவு அதிகாரி ஹெர்பர்ட் நார்மன் கேம்பிரிட்ஜில் படித்தபோது கம்யூனிஸ்ட். கூடப் படித்தவர்களின் அந்த நினைவில் பிழை இல்லை. உளவாளியோ என்று கனடா போலீஸ் இரண்டு தடவை விசாரித்து, குற்றம் இல்லை என்று விட்டது. அமெரிக்க செனட் துணைக்குழு விடவில்லை. 1957 மார்ச்சில் அவருடைய பழைய நண்பரான ஜப்பானியப் பொருளாதார அறிஞர் ட்சுரு ஷிகெட்டோவைக் கூப்பிட்டு, பழைய பழக்கவழக்கங்களையெல்லாம் கிளறியது. ஏப்ரல் 4-ம் தேதி, எகிப்துக்குத் தூதராக இருந்த நார்மன் கெய்ரோவில் ஒரு கட்டடத்தின் உச்சியிலிருந்து குதித்துவிட்டார். அவர் உளவாளி என்பதற்கு ஆதாரமில்லை என்று கனடா அரசு கேட்டு வாங்கிய ஆய்வு சொன்னது 1990-ல். சபையில் வைத்துக் கேட்கிறேன் என்கிறீர்களே, அதனால்தான் இதைச் சொல்கிறேன். உங்கள் ஐந்தாவது ஆளுக்கும் எழுபது தாண்டியிருக்குமே!

சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்: அந்தப் பேரை முதலில் எடுத்தது யார்? 1951-ல் ஃபில்பியின் கூட்டாளியும் சோவியத் உளவாளியுமான கை பர்ஜஸ் என்பவர் ஓடிப்போனபோது, வாஷிங்டனில் அவரைத் தன் வீட்டிலேயே தங்கவைத்திருந்த ஃபில்பி, பர்ஜஸ் மேல் சந்தேகம் விழும்படி தன் ‘நினைவுகளை’ லண்டனுக்கு எழுதி அனுப்பினார். எழுதிய ஆளே உளவாளி. உங்கள் பதினொரு பேரில் யார் மேலும் நான் பழி போடவில்லை. ஆனால் அந்த ஐந்து பேரிடமும் மறுபடி போனால், “இது உங்களுக்கு எப்போ, யார் சொல்லித் தெரியும்?” என்று மட்டும் கேளுங்கள். நண்பரின் பெயரையே எடுக்க வேண்டாம்.

உங்களுக்கு ‘இல்லை’ சொன்ன மூன்று பேரில் மெஸ் நடத்தியவர் இருக்கிறார். அவர் பக்கத்தை நீங்கள் இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். “அவங்க அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். தம்பி வந்து கூட்டிட்டுப் போனான். ரெண்டு பொட்டலம் இட்லி கட்டிக் கொடுத்தேன், காசு இன்னும் பாக்கி.” மொத்த நோட்டிலும் ஆளும் நேரமும் பொருளும் சேர்ந்து வருகிற ஒரே இடம் இதுதான். இதனாலேயே நண்பர் சுத்தம் என்று ஆகிவிடாது. தகவல் கொடுத்துவிட்டும் ஊருக்குப் போகலாம். ஆனால் இதை மட்டும்தான் விசாரித்து உண்டா இல்லையா என்று பார்க்க முடியும். அந்தத் தம்பி இருக்கிறாரா, எந்த ஊர், ஆபரேஷன் எந்த மாதம்? மார்ச்சுக்கு முன்னால் மெஸ்காரரை இன்னொரு தடவை பாருங்கள். இந்தத் தடவை நோட்டைப் பையிலேயே வைத்துவிட்டு, அவரைப் பேசவிடுங்கள்.