பாடசாலை தேடும் பெற்றோருக்கு ஓய்வுபெற்ற பிரதி அதிபரின் பதில்கள்

யாழ்ப்பாணத்தில் அரச பாடசாலையிலும் தனியார் பாடசாலையிலும் கற்பித்து ஓய்வுபெற்றவரிடம் பெற்றோர் கேட்டவையும் அவர் சொன்னவையும்.

கோண்டாவில் தாய்: ரீச்சர், மகனுக்குத் தரம் 1. தனியார் பாடசாலையில் சேர்க்கச் சொல்லி ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா பணம் தருகிறார். தனியார் என்றால் கவனிப்பு கூடத்தானே?

எந்தத் தனியார், பிள்ளை? இங்கே இரண்டு வகை உண்டு. ஒன்று, பழைய மிஷன் பாடசாலைகள். பரியோவான், சம்பத்திரிசியார், சுண்டுக்குளி மகளிர், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி, உடுவில் மகளிர் எல்லாம் அந்த வரிசை. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது, சில பெரிய பாடசாலைகள் மாணவரிடம் கட்டணம் அறவிடுவதில்லை என்ற நிபந்தனையோடு தனித்து நின்றன. கட்டணம் இல்லாமல் கட்டடமும் சம்பளமும் எங்கிருந்து வரும்? வசதிக் கட்டணம், நன்கொடை, பழைய மாணவர் சங்கம் ஆகியவை இவ்வளவு செல்வாக்குப் பெற்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

மற்றது, கம்பனியாகப் பதிவு செய்த சர்வதேசப் பாடசாலைகள். பல இடங்களில் இலண்டன் பாடத்திட்டம். மகன் இங்கே அரச பல்கலைக்கழகம் போக வேண்டும் என்றால் உள்ளூர் உயர் தரப் பரீட்சையும் அதன் இசட் புள்ளியும் (பாடங்களை ஒப்பிடத் தரப்படுத்திய புள்ளி) தான் பொதுவான வழி. கனடாப் பணத்தில் சேர்க்கும் முன் அண்ணாவிடம் ஒன்று கேளுங்கள்: பதின்மூன்று வருடமும் அனுப்புவாரா?

எங்கே கட்டினாலும் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

நல்லூர் தந்தை: பரியோவானா, சம்பத்திரிசியாரா?

இரண்டும் நல்லவை. அடுத்தவர்.

சாவகச்சேரி தந்தை: பெரிய வகுப்புப் பையன்கள் சின்னவர்களை அதட்டி வேலை வாங்குவதாகக் கேள்விப்படுகிறேன். சேர்க்கும் முன் எப்படித் தெரிந்துகொள்வது?

இன்று வந்தவற்றில் இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பெறுபேற்றுப் பதாகையைப் பார்த்துப் பாடசாலை தெரிவு செய்கிறார்கள். சாதாரண தரப் பரீட்சையின் அந்த ஒன்பது ஏ-யில் பாதி ரியூசன் நிலையத்துக்குச் சொந்தம். மூத்த மாணவர் இளையவரை நடத்தும் விதம் மட்டும் முழுக்க முழுக்கப் பாடசாலையின் கைவேலை.

ஒன்றரை மணிக்குப் பாடசாலை விடும்போது வாசலுக்கு எதிரே போய் நில்லுங்கள். தரம் 6 பிள்ளை மாணவ முதல்வரைக் கண்டதும் சிரிக்கிறதா, ஒதுங்கிச் சுவரோடு போகிறதா? மாணவரை இல்லங்களாகப் பிரித்து நடத்தும் மெய்வல்லுநர் போட்டிக்குப் போங்கள். கடைசியாக ஓடி வரும் பிள்ளைக்கு அதன் இல்லம் கை தட்டுகிறதா என்று பாருங்கள். அதிபரிடம், 'இங்கே தொல்லை நடக்கிறதா?' என்று கேட்காதீர்கள். இல்லை என்றுதான் சொல்வார். 'கடைசியாக நடந்தபோது என்ன செய்தீர்கள்?' என்று கேளுங்கள். மாணவர் பெயரைச் சொல்லாமல் செய்ததை விளக்கும் அதிபரை நம்பலாம். 'எங்கள் பாடசாலையில் அப்படி எதுவும் நடந்ததே இல்லை' என்பவரிடம் நான் என் பேரனை விடமாட்டேன்.

ஆசிரியரே அடித்தால், கல்வி அமைச்சின் சுற்றறிக்கை உடல் தண்டனையைத் தடுக்கிறது. அதிபருக்கு எழுத்தில் கொடுங்கள், பிரதி ஒன்றை வைத்திருங்கள். அசையாவிட்டால் அரச பாடசாலைக்கு வலயக் கல்விப் பணிமனை, தனியாருக்கு நிர்வாக சபை. சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929.

மானிப்பாய் தாய்: நாங்கள் சைவம். கிறிஸ்தவப் பாடசாலையில் பிள்ளை மாறிவிடுமா?

தலைமுறை தலைமுறையாகச் சைவப் பிள்ளைகள் படித்த இடங்கள் அவை. நேரசூசியில் சைவநெறி பாடம் இருக்கிறதா, அதற்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள்.

பெயர் குறிப்பிடாதவர்: மகளுக்கு வேம்படியா, சுண்டுக்குளியா?

வேம்படி தேசிய பாடசாலை, அதாவது அரச பாடசாலை; சுண்டுக்குளி தனியார். மிச்சம் நல்லூராருக்குச் சொன்னதுதான்.

கொக்குவில் தந்தை: போதைப் பொருள் பயம். தனியார் பாடசாலை பாதுகாப்பா?

மதிலுக்குள் தேடுகிறீர்கள். ஒன்றரைக்குப் பாடசாலை விடுகிறது, மூன்று மணிக்கு ரியூசன். இடையில் பிள்ளை எங்கே சாப்பிடுகிறது, யாருடைய மோட்டார் சைக்கிளில் போகிறது? அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்கு அதிபரும் பொறுப்பில்லை, ரியூசன் மாஸ்டரும் பொறுப்பில்லை. வீட்டுக்கு வரவழைத்துச் சோறு போடுங்கள்.

திருநெல்வேலி தாய்: பெருஞ்சமருக்கு, அந்த வருடாந்தத் துடுப்பாட்டப் போட்டிக்கு என்று மகன் பணம் கேட்கிறான். வாகன ஊர்வலத்துக்கும் போக வேண்டுமாம். இதுதான் தனியார் பாடசாலைக் கலாசாரமா?

டிக்கெட்டுக்குக் கொடுங்கள், ஊர்வலத்துக்குக் கொடுக்காதீர்கள்.

பழைய மாணவர், இலண்டன்: ரீச்சர், 1904இல் தொடங்கிய வடக்கின் பெருஞ்சமரை ஒரு வரியில் கொச்சைப்படுத்திவிட்டீர்கள்.

தம்பி, நான் ஒரு போட்டியையும் பெயர் சொல்லவில்லை. நீங்கள் சொன்னதால் சொல்கிறேன்: அதில் ஒரு பக்கம் பரியோவான், மறுபக்கம் மத்திய கல்லூரி. மத்திய கல்லூரி தேசிய பாடசாலை. ஆகவே தனியார் கலாசாரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. துடுப்பாட்டத்தை நானும் வெயிலில் இருந்து பார்த்தவள்தான்.

அதே பழைய மாணவர்: வசதியில்லாத பிள்ளைகளுக்குத் துடுப்பும் காலணியும் வாங்கித் தருவது நாங்கள்தான். அதையும் சொல்லுங்கள்.

சொல்கிறேன், நன்றி. எந்தப் பெருஞ்சமரானாலும் பதினேழு வயதுப் பையனுக்கு மதுப் போத்தல் தானாக வருவதில்லை. வாங்கிக் கொடுக்கும் அண்ணன்மாரும் பழைய மாணவர்கள்தான். அவர்களையும் உங்கள் சங்கக் கூட்டத்தில் பேசுங்கள்.

கஸ்தூரியார் வீதிக் கடைக்காரர்: பெருஞ்சமர் வந்தால் மாணவர்கள் உண்டியலோடு கடைக்குள் வந்து நிற்கிறார்கள். கொடுக்காவிட்டால் கூச்சல்.

கேளுங்கள், இலண்டன் தம்பி. கடைக்கார ஐயா, சீருடையைப் பார்த்து அன்றைக்கே அதிபருக்குத் தொலைபேசி எடுங்கள். பணம் கொடுத்து அனுப்பினால் அடுத்த வருடம் இரண்டு உண்டியல் வரும்.

அதே பழைய மாணவர்: எங்கள் காலத்தில் ஒழுங்கு இருந்தது.

எல்லோருடைய காலத்திலும் இருந்தது தம்பி. உங்கள் காலத்து அதிபர் இப்போது இருந்தால் வேறு கதை சொல்வார். இத்தோடு இதை விடுவோம். தரம் 1 பெற்றோர் காத்திருக்கிறார்கள்.

உரும்பிராய் தந்தை: அபிவிருத்தி நிதி என்று பெரிய தொகை கேட்கிறார்கள். பற்றுச்சீட்டு பிறகு தருவார்களாம்.

பிறகு பணம் தருவதாகச் சொல்லுங்கள்.

அச்சுவேலி தாய்: எது சிறந்த பாடசாலை, ரீச்சர்?

சாவகச்சேரித் தந்தைக்கு எழுதியதை வாசியுங்கள். இனி இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

சுன்னாகம் தாய்: மகள் பெப்ரவரி 3ஆம் திகதி பிறந்தவள். தரம் 1இல் எப்போது சேர்க்கலாம்?

அரச பாடசாலைக்கு, சேரும் வருடத்தின் ஜனவரி 31ஆம் திகதியில் ஐந்து வயது பூர்த்தியாகி இருக்க வேண்டும். மூன்று நாளால் தவறுகிறாள், அடுத்த வருடம்தான். தனியார் பாடசாலையில் விதிவிலக்குத் தேடி ஓடாதீர்கள். அந்த வருடம் முன்பள்ளியில் மண் விளையாடட்டும்.