அந்தப் பேச்சை எடுக்கலாமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். மகன் பத்தாம் வகுப்பு. போன வாரம் அவனோடு படித்த பையன் உயிரை மாய்த்துக்கொண்டான். அதிலிருந்து இவன் சரியாகப் பேசுவதில்லை. இரண்டாவது படிக்கும் மகளோ, "அந்த அண்ணன் ஏன் செத்துப்போச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். "கெட்ட பேச்சை வாயில எடுக்காதே" என்கிறார் மாமியார். என்ன செய்வது?

பதில்: எடுங்கள். சாகத் தோன்றுகிறதா என்று கேட்டால் இல்லாத நினைப்பு வந்துவிடும் என்று வீட்டுக்கு வீடு பயப்படுகிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. கேட்டதும் பாரம் குறைந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மகனை எதிரே உட்காரவைத்து விசாரிக்க வேண்டாம். தக்காளியைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும்போது பக்கத்தில் உட்காரட்டும். கை வேலையில், கண் காயில் இருக்கும்போது பதினைந்து வயசு வாய் திறக்கும். முதலில் நண்பனைப் பற்றிப் பேசுங்கள். அப்புறம் நேராகவே, "உனக்கும் செத்துடலாம்னு எப்பவாவது தோணியிருக்கா கண்ணு?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்காமல் "தப்பா ஏதும் நினைக்கலையே?" என்று கேட்டால் "இல்லை"தான் வரும், கேள்வியிலேயே பதிலைக் கொடுத்துவிட்டீர்களே.

"ஆமா" என்றால், உடனே நீங்கள் சொல்லும் சொல்தான் முக்கியம். "எங்களை நினைச்சுப் பாத்தியா?" என்று அழுதால் அடுத்த முறை சொல்லமாட்டான். "சொன்னியே, நல்லதாப் போச்சு. சேர்ந்து பார்த்துக்கலாம்" போதும். "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றால் சத்தியம் செய்யாதீர்கள். தனியே விடாமல் அன்றைக்கே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். நடு ராத்திரியிலும் 14416-இல் டெலிமனாஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணின் ஆலோசகர்கள் தமிழில் பேசுவார்கள், இலவசம். உயிருக்கு ஆபத்து என்றால் 108.

அவன் "இல்லை" என்றாலும் ஒன்றைச் செய்யுங்கள். தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தை இன்றே பூட்டிவைத்து, சாவியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். சாகத் தோன்றும் வேகம் பலருக்குக் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சின்னவளிடம் "சாமிகிட்ட போயிட்டான்" என்று சொல்லாதீர்கள். நாமும் போகலாமே என்று தோன்றும். "காய்ச்சல்" என்றால் அடுத்த காய்ச்சலுக்கு நடுங்குவாள். "அந்த அண்ணனுக்கு மனசுல பெரிய நோவு. அந்த நோவுல தன் உயிரைத் தானே போக்கிக்கிச்சு. மனசு நோவுக்கும் டாக்டர் இருக்காங்க. உனக்கு வந்தா யார்கிட்ட சொல்லுவே?" இந்த அளவு போதும். எப்படி என்ற விவரம் வேண்டாம். மார்க்கா, காதலா என்று ஊர் பேசுவதும் வீட்டுக்குள் வேண்டாம்.

திரும்பத் திரும்பக் கேட்பாள். ஒவ்வொரு தடவையும் இதையே சொல்லுங்கள். மாமியாரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அவர் வேறு கதை சொன்னால் குழந்தை குழம்பிப்போகும்.